கூடும் கூட்டுறவும்

(முத்தாண்டிக்குப்பத்தில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்திருத்தல் எளிய செயலன்று. தமிழகத்தில் இலக்கிய அமைப்புகள் பல தொடக்க விழாவோடு முடிந்திருக்கின்றன. சில, புரவலர் ஒருவரின் கொடை நின்ற நாளில் தாமும் நின்றுபோயின. வேறு சில, கூடுவதற்கு இடமிருந்தும் கூடிப் பேசுவதற்குப் பொருளின்றி ஓய்ந்தன. ஆகவே, பத்தாண்டு நிறைவில் ஒரு வட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு. எதனைக் கொண்டு இனி வாழ்வது என்பது ஒன்று. எதனைப் பார்த்து இனி எழுதுவது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குச் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் ஒரு விடை உண்டு. இரண்டாம் வினாவுக்கு இவ்வூரின் பனைமரத்திலும் முந்திரித் தோப்பிலும் விடை உண்டு. இவ்விரு விடைகளையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தூக்கணாங்குருவியின் மரம்

பறவைகளுள் கவிஞர்கள் மிகுதியும் போற்றியது குயிலை. ஆயின் குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிட்டு, காக்கையின் உழைப்பில் தன் குஞ்சை வளர்க்கிறது. இனிய குரல் குயிலுக்கும், குடும்பச் சுமை காக்கைக்கும் என்பது இயற்கையின் ஏற்பாடு. கலைஞனைக் குயிலோடு ஒப்பிடும் மரபு நெடியது. மன்னர் அவையும் வள்ளல் மனையும் இருந்த காலத்தில் அவ்வொப்புமை பொருந்தியும் இருந்தது. கூடு கட்டுவோர் வேறாகவும் பாடுவோர் வேறாகவும் வாழ முடிந்த காலம் அது.

அதற்கு நேர்மாறான வாழ்க்கை தூக்கணாங்குருவியினுடையது. ஒரே பனையிலோ, கிணற்றை நோக்கிச் சாய்ந்த ஒரே முள்மரத்திலோ பல கூடுகள் தொங்குகின்றன. ஒவ்வொரு கூடும் ஓர் ஆண் குருவி தனியே முடைந்தது. இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் மார்பிலும் மஞ்சள் பூசிக்கொண்டு, நாரும் புல்லும் கிழித்து வந்து, அலகையே ஊசியாகக் கொண்டு அது நெய்கிறது. பாதி முடிந்த நிலையில் பெண் குருவி வந்து பார்வையிடுகிறது. அதற்குப் பிடிக்கவில்லையெனில் ஆண் அந்தக் கூட்டைக் கைவிட்டு வேறொன்று தொடங்குகிறது. உழைப்பு தனித்தனி, மரம் பொது. பகை வரும்போது எழுப்பும் குரலும் பொது. கலைஞர்கள் தாமே நடத்தும் கூட்டுறவுக் கலைக்கூடம் என்னும் அமைப்பை விளக்க இதனினும் தெளிந்த உவமை கிடைப்பது அரிது.

சோழமண்டலம் உருவான வகை

சென்னை அரசு கலைப்பள்ளியில் 1957ஆம் ஆண்டு தேவி பிரசாத் ராய் சௌத்ரியை அடுத்து முதல்வர் பொறுப்பேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவர்முன் ஆண்டுதோறும் எழுந்து நின்ற சிக்கல் ஒன்று உண்டு. திறமை மிக்க மாணவர்கள் பயிற்சி முடித்து வெளியேறுகின்றனர். வெளியே அவர்களை ஏற்றுக்கொள்ள எதுவும் இல்லை. சென்னையில் அன்று ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். கலைக்கூடங்களும் மிகச் சில. விளம்பர நிறுவனத்திலோ துணி ஆலையிலோ வேலைக்குச் செல்லும் ஓவியன், சில ஆண்டுகளில் தன் ஓவியத்தை மறந்துவிடுவான். வேலைக்குச் செல்லாதவனோ பசியில் தூரிகையை வைத்துவிடுவான்.

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி, அரசிடம் மானியம் கேட்பதோ புரவலரைத் தேடுவதோ அன்று. நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கு ஒதுக்குவது, எஞ்சிய பகுதியைக் கலைக்கு வைத்துக்கொள்வது என்பதே அவ்வழி. குறிப்பாக, பாத்திக் எனப்படும் மெழுகுச் சாயத் துணிகளை அவர்கள் செய்தனர். துணியில் உருகிய மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் வேறோர் இடத்தில் மெழுகிட்டு, முன்னதினும் அடர்ந்த சாயத்தில் மீண்டும் தோய்ப்பர். இறுதியில் மெழுகை நீக்கினால், வெளிர் நிறம் முதல் அடர்நிறம் வரை அடுக்கடுக்காகச் சித்திரம் வெளிப்படும். மெழுகு வெடித்த கீறல்கள் வழியே கசிந்த சாயம் நரம்புபோல் ஓடி அழகு சேர்க்கும். இத்துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் விற்ற வருவாயைக் கொண்டு, 1966இல் இஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் மணல்நிலத்தை அவர்கள் வாங்கினர். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்கு கொண்டனர். சோழமண்டலக் கலைஞர் கிராமம் என்று அதற்குப் பெயரிட்டனர். சோழர் கடற்கரையைக் குறித்து வெளிநாட்டார் நாவில் சிதைந்து வழங்கிய பெயரை, மீண்டும் தமிழ் வடிவில் அக்கடற்கரைக்கே திருப்பியளித்தது போன்ற செயல் அது.

அன்று இஞ்சம்பாக்கம் மீனவர் குடியிருப்பும் சவுக்கும் மணல்மேடுமாக இருந்த இடம். கலைஞர்கள் முதலில் எளிய குடில்களில் தங்கி, தத்தம் வருவாய்க்கேற்ப மெல்ல வீடு கட்டிக்கொண்டனர். வீடும் பணியிடமும் அவரவருக்கு உரியவை. காட்சிக்கூடமும் பட்டறையும் திறந்தவெளி அரங்கும் அனைவருக்கும் உரியவை. விற்பனையில் ஒரு பங்கு பொதுச் செலவுக்குச் சென்றது. தூக்கணாங்குருவியின் மரம் என்று முன்னர்க் கூறியது இதுவே.

இக்கிராமத்தின் கலைஞர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியினர். ஜே. சுல்தான் அலி பழங்குடி மக்களின் கலையிலிருந்தும் நாட்டார் தொன்மங்களிலிருந்தும் விலங்குகளையும் தெய்வங்களையும் எடுத்துக்கொண்டார். பணிக்கரின் மகனான எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, கோயிற் பிரபையின் நினைவூட்டும் முகப்புச் சிற்பங்களைப் படைத்தார். பணிக்கரோ 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் ஓவியங்களை வரைந்தார். எழுத்துகளும் எண்களும் சாதகக் கட்டங்களும் நிறைந்த அவ்வோவியங்களில் எழுத்து உண்டு, ஆனால் அவற்றை வாசிக்க இயலாது. எழுத்தைப் பொருளிலிருந்து விடுவித்து வடிவமாக மட்டும் நிறுத்தினார். சொல்லையே கருவியாகக் கொண்ட கவிஞர்கள் நின்று காண வேண்டிய ஓவியங்கள் அவை.

இந்நிலையில் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கே. இராமானுஜம் என்னும் ஓவியர் சோழமண்டலத்தில் வாழ்ந்தவர். கருப்பு மையால் நுணுக்க நுணுக்கமாக அரண்மனைகளையும் தேவதைகளையும் விந்தை விலங்குகளையும் வரைந்தவர். தம் சித்திரங்களுக்குள்ளே தாமும் தொப்பியணிந்து உலவியவர். 1941இல் பிறந்த அவர் 1973இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கிராமம் அவருக்குக் கூரை தந்தது, மதிப்புத் தந்தது. அவருடைய தனிமையை மட்டும் அதனால் தீர்க்க முடியவில்லை. கூட்டுறவு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எண்ணுவது பிழை. அது கூடு கட்டுவதற்குரிய கிளையைத் தரும். அவ்வளவே தரும். ஆனால் அந்தக் கிளையின்றி அச்சித்திரங்கள்தாமும் பிறந்திருக்குமா என்று எண்ணிப் பார்த்தால், அவ்வளவு என்பது சிறிதன்று என்பது விளங்கும்.

பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் மறையவில்லை. 2009இல் அங்கே தற்காலக் கலைக்கான மையம் திறக்கப்பெற்று, சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகள் நிலையான காட்சியாக வைக்கப்பெற்றன. முதல் தலைமுறையினர் பலர் இன்று இல்லை. அன்று ஒதுக்குப்புறமாய் இருந்த மணல்நிலம் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் விலைமதிப்பு மிக்க நிலம். இளங்கலைஞர் ஒருவர் அங்கே இடம் வாங்கிக் குடியேறுதல் இனி கனவே. தோற்றுவித்தோரின் உறுதி அடுத்த தலைமுறைக்குத் தானாக வந்து சேர்வதில்லை என்பது சோழமண்டலம் கற்பிக்கும் இரண்டாவது பாடம்.

பிற நாடுகளும் பிற ஊர்களும்

இத்தகைய முயற்சி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பாரீசில் அரசுக் காட்சிக்கூடத்தின் நடுவர்கள் திரும்பத் திரும்ப விலக்கிய ஓவியர்கள், 1873ஆம் ஆண்டின் இறுதியில் தமக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். மோனே, பிசாரோ, தெகா, ரெனுவார், பெர்த் மொரிசோ முதலியோர் அதில் இருந்தனர். 1874 ஏப்ரலில், புகைப்படக் கலைஞர் நடாரின் முன்னாள் கூடத்தில் முதற்காட்சியை நடத்தினர். பார்த்தோர் பலர் நகைத்தனர். விற்பனை குறைவு. அவ்வாண்டு முடிவதற்குள் சங்கம் கடன்பட்டுக் கலைந்தது. ஆயினும் ஓவியர்கள் கலையவில்லை. 1886 வரை எட்டுக் காட்சிகளை அவர்கள் நடத்தினர். இன்று உலகம் உணர்வுப்பதிவு ஓவியம் என்று போற்றுவது, கணக்குப் புத்தகத்தில் தோற்ற அந்தக் கூட்டுறவின் விளைச்சலே. நியூயார்க்கில் 1972இல் பெண் ஓவியர்கள் இருபதின்மர், தம் படைப்புகளுக்குக் கலைக்கூடங்களின் கதவுகள் திறவாமை கண்டு, தாமே ஏ.ஐ.ஆர். என்னும் கூட்டுறவுக் கூடத்தைத் திறந்தனர். சுவருக்கு வெள்ளையடித்தது முதல் கணக்கு எழுதியது வரை உறுப்பினரின் பணியாகவே இருந்தது.

பறவைகளுக்கும் தமிழகத்தில் இத்தகைய கூட்டுறவு ஒன்று உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கூடிய பறவைகளை ஆங்கிலப் படைவீரர் வேட்டையாடியபோது, அவ்வூர் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து வடிவில் பெற்றனர். பறவையெச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவை உழவனுக்கு உதவியது, உழவன் பறவைக்குக் காவலானான். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடியிலும் தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கம் இன்றும் பேசப்படுகிறது. சட்டம் வருவதற்கு முன்னரே ஊர் காத்தது. கூடுவோர் தாமே காப்போராகவும் இருந்தமையால் அது நிலைத்தது.

இம்மாவட்டத்திலேயே, வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867இல் மூட்டிய தருமசாலையின் அடுப்பு அணையாது எரிந்துவருகிறது. தனியொருவர் கொடையால் மட்டும் நெடுங்காலம் எரிந்திருக்கக்கூடிய அடுப்பன்று அது. படியரிசி கொண்டுவருவோர் பலராக இருந்தமையால் எரிகிறது.

காணாமற் பாடுதல்

இனி இரண்டாம் வினா. எதனைப் பார்த்து எழுதுவது?

சங்கப் புலவர்கள் பறவையைப் பார்த்தனர் என்பதற்குப் பி. எல். சாமி அவர்கள் சங்க இலக்கியப் புள்ளினங்களை ஆராய்ந்து எழுதிய நூல் சான்று. எப்பறவை எத்திணையில், எப்பொழுதில், எவ்வுணவோடு, எக்குரலோடு வருகிறது என்பதை அவர் இன்றைய பறவையியலோடு ஒப்பிட்டுக் காட்டினார். பாடல்களின் சொற்கள் பெரும்பாலும் கண்ணால் கண்டவற்றோடு பொருந்தி நின்றன. சத்திமுற்றப் புலவரின் புகழ்பெற்ற தனிப்பாடலிலும் அப்பார்வையே காணப்படுகிறது. நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டவர், வறுமையில் வாடிக் குளிரில் நடுங்கியபோதும் பறவையின் அலகை நன்றாகப் பார்த்திருக்கிறார். பறவையின் கால்நிறத்தையும் அது வடக்கு நோக்கிச் செல்வதையும் அறிந்திருக்கிறார். உவமை பிறந்த இடம் ஊரின் பனந்தோப்பு.

இன்றைய கவிதைகளில் 'பெயர் தெரியாத பறவை' அடிக்கடி பறக்கிறது. முதலில் அது மெய்யான வியப்பாக இருந்தது. பின்னர் வழக்கமாயிற்று. இப்போது அது பாராமையின் மறுபெயர். மரம் என்றால் ஏதோ ஒரு மரம், பறவை என்றால் ஏதோ ஒரு பறவை. ஆனால் அப்பறவைக்குப் பெயர் உண்டு. முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் மூதாட்டிக்கு அது தெரியும். ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு அது தெரியும். கவிதை எழுதுவோருக்கு மட்டும் தெரியாமற் போனது வருந்தத்தக்கது. தமிழ்ப் பேராசிரியராகிய க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளின் பெயர்களைத் தொகுத்து நூலாக்கியமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஊர்தோறும் வழங்கும் பெயர்களைத் திரட்டுவதும் தமிழ்ப்பணியே என்பதை அவர் செயலால் காட்டினார்.

எழுத்தும் ஓவியமும் பறவை நோக்கலும் ஒருவரிடமே ஒன்றிய எடுத்துக்காட்டும் தமிழகத்தில் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இடையறாது எழுதிய பத்திக்குத் தாமே கோட்டோவியமும் வரைந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். கிருஷ்ணனின் உரைநடையில் வீண்புகழ்ச்சி இல்லை. பார்த்ததை மட்டும் எழுதும் கட்டுப்பாடே அதன் அழகு.

நிறத்தின் இருப்பிடம்

பறவைகளின் நிறத்தைப் பற்றி அறிவியல் கூறும் ஒரு செய்தி கவிஞருக்குப் பெரிதும் உரியது. மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மங்கிய பழுப்பு மார்பும் பெரிய தலையுமாக அது வாளாவிருக்கும். பூச்சி ஒன்றைக் கண்டு இறகை விரித்துக் கீழே பாயும்போதுதான் வானத்தின் இருவேறு நீலங்களும் அச்சிறகில் பட்டைப் பட்டையாக வெளிப்படும். பட்டுப்போன பனையின் பொந்தில் கூடு கொள்ளும் இப்பறவைக்குப் பனையே பெயராயிற்று.

அந்நீலம் சாயமன்று. மஞ்சளும் கருப்பும் இறகில் உள்ள நிறமிகளால் உண்டாகின்றன. நீலம் அவ்வாறு உண்டாவதில்லை. இறகின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இடைவெளிகள் ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன. அவ்வமைப்பு ஒளியின் நீலத்தை மட்டும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. நீல இறகை இடித்துப் பொடியாக்கினால் நீலப்பொடி கிடைப்பதில்லை. பழுப்புப்பொடியே எஞ்சும். மீன்கொத்தியின் முதுகும் மயிலின் கழுத்தும் இத்தகையனவே. கிளியின் பச்சையில் பாதி இவ்வமைப்பின் நீலம், மறுபாதி மஞ்சள் நிறமி.

கவிதையின் நிறமும் இத்தகையதே. சொற்கள் எல்லார்க்கும் பொது. கடைத்தெருவில் வழங்கும் அதே சொற்கள்தாம் கவிதையிலும் வருகின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் ஒளி இல்லை. அவை அடுக்கப்பெற்ற முறையில்தான் ஒளி இருக்கிறது. பணிக்கரின் ஓவியத்தில் வாசிக்க இயலாத எழுத்துகள் மனத்தைப் பற்றிக்கொள்வதும் இதனால்தான்.

முத்தாண்டிக்குப்பத்துப் பறவைகள்

இவ்வூரைச் சுற்றிலும் முந்திரியும் பலாவும் பனையும் நிற்கின்றன. மேலே செம்மண். அதன் அடியில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த காடு பழுப்பு நிலக்கரியாக உறங்குகிறது. 1956இல் நெய்வேலியில் நிறுவனம் அமைந்தது முதல் அந்தப் பழைய காட்டை வெளிக்கொணர்வதற்காக இன்றைய மண்ணும் மரமும் அகற்றப்பட்டு வருகின்றன. தமிழகத்தின் விளக்குகள் எரிவதற்கு இப்பகுதி கொடுத்த விலை அது. 2023இல் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த வேதனைக்குரல் இன்னும் காதைவிட்டு அகலவில்லை. மறுபுறம், நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றின் அழுத்தத்தைக் குறைக்க இடைவிடாது இறைக்கப்படும் நீரில் ஒரு பகுதி பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் அடைகிறது. நகரியத்தின் நிழல்மரங்களும் பறவைகளுக்கு இடம் தந்துள்ளன. இழப்பும் ஈடும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாக இங்கே எழுதப்படுகின்றன. ஒன்றை மட்டும் பாடுவது முழுமையாகாது.

2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயல் இப்பகுதியின் பலா, முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. பெற்ற பிள்ளைபோல் வளர்த்த மரத்தின்மீது தலைசாய்த்து அழுத உழவர்களை நாடறியும். அம்மரங்களோடு வீழ்ந்த பொந்துகளை எண்ணியவர் இலர். பனங்காடையும் கிளியும் மரங்கொத்தியும் குக்குறுவானும் பொந்தில் வாழ்பவை. குக்குறுவானும் மரங்கொத்தியும் பட்ட கிளையைத் தாமே குடைந்துகொள்ளும். கிளிக்கும் பனங்காடைக்கும் அத்திறன் குறைவு. முதிர்ந்த மரத்தின் பொந்தோ பிறர் குடைந்து விட்டுச்சென்ற துளையோ வேண்டும். புதுக்கன்று நட்டுச் சில ஆண்டுகளில் காய் பெறலாம். பொந்து பெறுவதற்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். மரம் நடுவது போலவே, பட்டுப்போன பனை ஒன்றை வெட்டாது விடுவதும் அறமாகும்.

வடகிழக்குப் பருவமழையோடு இவ்வழியே வரும் விருந்து ஒன்று உண்டு. ஆறுமணிக்குருவி என்பது அதன் பெயர். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறுமணிக்குக் குரல் கொடுப்பதால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் அழைப்பர். முதுகில் பச்சை, தோளில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணருகே கருப்புப் பட்டை என வடநாட்டார் ஒன்பது நிறம் என்று பெயரிட்ட பறவை. வடக்கே இமய அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் இனம் பெருக்கிவிட்டு, இரவில் நெடுந்தொலைவு பறந்து தெற்கே வருகிறது. வந்த களைப்பில் வீட்டுத் தோட்டத்தில் விழுந்து கிடப்பதும் உண்டு. மரத்தடியில் உதிர்ந்த இலைகளைக் கிளறிப் புழு தின்று வாழும் அதற்கு வேண்டுவது நிழலும் சருகும் மட்டுமே. சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்திவிட்டால் அதற்கு உணவில்லை. இத்தனை நிறங்களையும் தாங்கிய பறவை, குப்பை என்று கருதப்படும் சருகில் வாழ்கிறது.

மேலும் இங்கே காணத்தக்கன பல. மணற்கரையில் வளை தோண்டிக் குடியிருக்கும் பச்சைப் பஞ்சுருட்டான், மரநிழலில் வெண்ணாடா போன்ற நீண்ட வாலை இழுத்துச் செல்லும் அரசவால் ஈப்பிடிப்பான், பழுத்த ஆலமரத்தில் கன்னான் தட்டுவதுபோல் ஓயாது ஒலிக்கும் செம்மார்புக் குக்குறுவான், மஞ்சள் மின்னலாய்க் கிளை தாவும் மாங்குயில் எனப் பட்டியல் நீளும். இவற்றைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றியமையாததன்று. வைகறையில் எழும் பழக்கமும், பேசாதிருக்கும் பொறுமையும், ஒரு குறிப்பேடும் போதும்.

பதினோராம் ஆண்டின் பணி

பத்தாண்டு நிறைந்த வட்டத்திற்கு இவ்விரு பாடங்களும் ஒன்று சேரும் இடம் எது? மூன்று பணிகளை முன்மொழிதல் தகும்.

முதலாவது, பறவைப் பதிவேடு. இவ்வூரிலும் சுற்றூர்களிலும் வழங்கும் பறவைப் பெயர்களை உறுப்பினர்கள் திரட்ட வேண்டும். தோப்புக் காவலரிடமும், முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களிடமும், பனையேறிகளிடமும் கேட்டு எழுத வேண்டும். பெயர், கண்ட நாள், இடம், மரம், குரல், சொன்னவர் கூறிய கதை என ஆறு செய்திகள் போதும். முந்திரித்தோட்டின் எண்ணெய் பட்டுக் கருத்துப்போன அக்கைகளுக்கு உரியவர்கள் அறிந்த சொற்கள், நிகண்டுகளில் இடம்பெறாமலே மறையும் நிலையில் உள்ளன. சுரங்கம் விரியும்போது இடம்பெயரும் குடும்பத்தோடு சொல்லும் இடம்பெயரும். புது இடத்தில் அந்தப் பறவை இல்லையெனில், அடுத்த தலைமுறையில் அந்தச் சொல்லும் இல்லை.

இரண்டாவது, பொதுச்சுவர். வட்டம் கூடும் இடத்தின் ஒரு சுவரையேனும் காட்சிக்கு ஒதுக்கலாம். இப்பகுதியின் பள்ளி ஓவிய ஆசிரியர்களும், விளம்பரப் பலகை எழுதுவோரும், கோலம் வல்ல பெண்களும் தீட்டும் பறவைச் சித்திரங்கள் அதில் இடம்பெறட்டும். எதனை மாட்டுவது என்பதை உறுப்பினரே முறைவைத்து முடிவு செய்யட்டும். விற்ற தொகையில் ஒரு பங்கு வட்டத்துக்கு, எஞ்சியது வரைந்தவருக்கு. சோழமண்டலத்தாரின் பாத்திக் துணிபோல, கவிஞரின் கையும் ஏதேனும் ஒன்றைச் செய்து விற்கலாம். நாட்காட்டியாக இருக்கட்டும், வாழ்த்தட்டையாக இருக்கட்டும், பறவைப்பெயர்க் கையேடாக இருக்கட்டும். உறுப்பினரின் உழைப்பில் வெளிவரும் மலருக்கு விளம்பரம் தேடி அலைய வேண்டியதில்லை. விளம்பரம் தந்தவரின் மனம் நோகுமோ என்று கவிதையைத் திருத்த வேண்டியதும் இல்லை. சுரங்கத்தின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே எழுத வேண்டிய ஊரில் இவ்வுரிமை சிறிதன்று.

மூன்றாவது, இளையோருக்கு இடம். சோழமண்டலத்தின் குறையிலிருந்து கற்க வேண்டியது இது. தோற்றுவித்தவர்களுக்கு இருந்த தேவை பின்வந்தவர்களுக்கு அதே வடிவில் இருப்பதில்லை. ஆகவே ஆண்டுதோறும் ஒரு பொறுப்பையேனும் முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரிடம் ஒப்படைத்து, மூத்தோர் விலகி நின்று பார்க்க வேண்டும். பிழை செய்தாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாதி முடைந்த கூட்டைக் கைவிட்டு மீண்டும் தொடங்கும் குருவியே இறுதியில் கூட்டை முடிக்கிறது. வட்டத்தில் இராமானுஜம் போன்று ஒதுங்கி நிற்கும் ஒருவர் இருப்பின், அவருடைய படைப்பைப் பாராட்டுவதோடு நில்லாது, மாலையில் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று உடன் அமர்வதும் வட்டத்தின் பணியே.

இவை பெரிய திட்டங்கள் அல்ல. பெரிய திட்டங்களுக்குப் பெரிய புரவலர் வேண்டும். இவற்றுக்கு வேண்டுவன உறுப்பினரின் கையும் கண்ணும் மட்டுமே. மழைக்காலம் தொடங்கியதும் ஆறுமணிக்குருவி இவ்வூருக்கு மீண்டும் வரும். வரும்போது அதற்குரிய சருகு தோப்பில் கிடக்க வேண்டும். அதன் பெயரைச் சொல்லி அழைக்க ஊரில் ஒருவரேனும் இருக்க வேண்டும். இரண்டையும் காப்பது இவ்வட்டத்தின் கடன். அக்கடனை ஏற்குமாறு வேண்டி இவ்வுரை நிறைவுறுகிறது.